இரண்டு ஹைட்ரோகார்பன்களைக் கலந்தால் நிலைமாறு வெப்பநிலை சராசரியாகத்தான் வருமா?

வராது. நிலைமாறு வெப்பநிலை என்றால், அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது என்ற எல்லை. எம்.எஸ்சி. வைவாவுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மோல் பின்னத்தை (கலவையின் மூலக்கூறுகளில் ஒவ்வொன்றும் எத்தனை பங்கு என்பதை) வைத்துப் போடும் சராசரிதான் கே விதி, 1936-இல் வந்தது. கணக்குப் போட உதவும், அவ்வளவுதான்.

எனக்கு வைவா நடந்தது புதுச்சேரியில், மே மாதத்தில். கரண்ட் இல்லை. எக்ஸ்டர்னல் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "எவ்வளவு அழுத்தினால் ஈத்தேன் திரவமாகும்?" என்றார். சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் 35 காட்டியது. "இந்த ரூம்ல எவ்வளவு அழுத்தினாலும் ஆகாது சார்" என்றேன். ஈத்தேனுக்கு 32 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டிவிட்டால் மூலக்கூறுகளின் ஓட்டத்தை அவற்றின் ஈர்ப்பால் கட்டிப்போட முடியாது. "திமிராப் பேசாதப்பா" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மார்க்கும் போனது. இன்றைக்கும் சொல்வேன், நான் சொன்னது சரி. ஏசி ரூமில் ஆகுமே என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: 25 டிகிரி என்றால் ஆகும், 42 பார் அளவுக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றழுத்தம்) அழுத்த வேண்டும்.

கலவைக்கு வருவோம். புரொப்பேனின் எல்லை 97 டிகிரி, பியூட்டேனுக்கு 152. ஒரு கார்பன்தான் வித்தியாசம், ஈர்ப்பும் ஒரே மாதிரி, அதனால் சராசரி ஓரளவு ஒத்துப்போகும். ஈத்தேனோடு 267 டிகிரி ஹெப்டேன் சேர்ந்தால் கதையே வேறு. நீளமான ஹெப்டேன் மூலக்கூறுகள் தங்களுக்குள் பலமாக ஈர்த்துக்கொள்வதால் கலவையின் வெப்பநிலை சராசரிக்கு மேலே போய்விடும். நிலைமாறு அழுத்தம் (அந்த எல்லை வெப்பநிலையில் திரவமாக்கத் தேவையான அழுத்தம்) இன்னும் வேடிக்கை. தனித்தனியாக 49 பார், 27 பார். கலந்தால் சில விகிதங்களில் 80 பாரையும் தாண்டும். எந்தச் சராசரி இந்த எண்ணைத் தரும்?

வடிவமும் முக்கியம். பியூட்டேனின் அதே வாய்பாடுதான் ஐசோபியூட்டேனுக்கும். கிளைவிட்டுத் திரண்டிருப்பதால் ஒன்றோடொன்று உரசும் பரப்பு குறைவு, எனவே 135தான்.

பியூட்டேன், புரொப்பேன் இரண்டின் எல்லையும் நம்மூர் வெயிலுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால்தான் கடலூரில் இவை நிரம்பிய வீட்டு சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்புகிறது.

சரி, உங்கள் வைவா. கே விதியைச் சொல்லுங்கள், கூடவே அது கலவையின் உண்மையான எண் அல்ல என்றும் சொல்லுங்கள். ஈத்தேன்–ஹெப்டேன் அழுத்த வளைகோட்டை வரையப் பழகிக்கொண்டு போங்கள்.