மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வீட்டில் செய்த பூச்சி ஸ்லைடு தரமாக வருமா? லேப் இல்லாமல் முடியுமா?

வரும். பொறுமையாகச் செய்தால் கடை ஸ்லைடைவிட நன்றாகவே வரும். "லேப் வசதி இல்லாமல் செய்தால் பூச்சி அழுகிவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை பிளஸ் ஒன்னோ பிளஸ் டூவோ, புராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது என்று நினைக்கிறேன். எனக்கு இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு கொசு லார்வாவை, அதாவது கொசுப்புழுவை, ஸ்லைடாகச் செய்து பள்ளிக் கண்காட்சிக்கு எடுத்துப் போனாள். அங்கே அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "எந்தக் கடையில வாங்கின?" நானே செய்தேன் என்று அவள் சொல்லியும் கேட்டவர்கள் நம்பவில்லை. பொய் சொல்லாதே என்று மற்ற பிள்ளைகள் முன்னால் சொல்லி, ஸ்லைடை மேசையிலிருந்து எடுக்க வைத்துவிட்டார்கள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அவள் செய்த விதத்தைச் சொல்கிறேன். சென்னை பெரம்பூரில் எங்கள் அடுக்குமாடி மொட்டைமாடித் தொட்டியிலிருந்து லார்வாவைப் பிடித்தாள். கை பொறுக்காத சூட்டில் உள்ள தண்ணீரில் போட்டதும் அது சுருளாமல் நீண்டு இறந்தது. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், உடம்பு சிதைந்துவிடும். அப்புறம் 50, 70, 90 சதவீதம் என்று ஏறுவரிசையில் ஆல்கஹால், கடைசியில் கலப்பில்லாதது. ஒவ்வொன்றிலும் அரை மணிக்குக் குறையாமல் ஊற வேண்டும். அவசரப்பட்டு நேராகக் கடைசிக் குப்பியில் போட்டால் மெல்லிய உடம்பு சுருங்கிப்போகும். லேபில் பயன்படுத்தும் எத்தனால் என்ற ஆல்கஹாலுக்கு அனுமதி, உரிமம் என்று அலைய வேண்டாம். ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே போதும்.

இதற்கடுத்துதான் சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம். உடம்பு ஒளி புகும்படி தெளிய, புத்தக முறைப்படி சைலீன் என்ற கரைப்பானில் போடச் சொல்வார்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், திறந்து மூடுகிற ஆல்கஹால் பாட்டில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். துளி ஈரம் மிச்சமிருந்தாலும் சைலீன் பால் போல் வெளுத்துவிடும். அதன் ஆவியும் சின்ன பிளாட்டுக்கு ஆகாது. அதற்குப் பதில் கிராம்புத் தைலம் போதும்; அது அந்தக் கொஞ்ச ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், பூச்சியையும் கண்ணாடி மாதிரி தெளிய வைக்கும். கலப்படமில்லாத தைலமாகப் பார்த்து வாங்குங்கள். ரசாயனச் சாமான்களுக்குப் பாரிமுனை நயினியப்ப நாயக்கன் தெருவில் விசாரிக்கலாம்.

தெளிந்த லார்வாவை ஸ்லைடில் வைத்து, மிச்சத் தைலத்தை ஒற்றி எடுத்து, ஒரு சொட்டு கனடா பால்சம் விட வேண்டும். அது ஒருவகை ஊசியிலை மரத்தின் பிசின். கண்ணாடியைப் போலவே ஒளியை வளைப்பதால் பூச்சி மட்டும் தனியாகத் தெரியும். மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப்பை ஒரு ஓரத்தில் ஊன்றி மெதுவாகச் சாய்த்து இறக்க வேண்டும். தடித்த பூச்சியாக இருந்தால் இரண்டு பக்கமும் தூண்டில் நரம்புத் துண்டு வைத்தால் நசுங்காது. காய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை படுக்கையாகவே இருக்கட்டும். எறும்பு, வண்டு, வளர்ந்த கொசு போன்ற கருத்த பூச்சிகளுக்கு மட்டும் ஆல்கஹாலுக்கு முன் முதலில் 10 சதவீதக் காஸ்டிக் பொட்டாஷில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற அரிக்கும் காரம்) ஓர் இரவு ஊறல், பிறகு வினிகர் சில துளி விட்ட தண்ணீரில் அலசல்.

காஸ்டிக்கைப் பிள்ளை கையில் கொடுக்கலாமா என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். கொடுக்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டு நான்தான் கலக்குவேன், தண்ணீரில்தான் அதைப் போடுவேன், அலுமினியப் பாத்திரத்தை அருகில்கூட விடமாட்டேன். உயிர்க்கொலை என்பவர்களுக்கு: தானாக இறந்து கிடக்கும் பூச்சியிலும் தாராளமாகச் செய்யலாம். கொசுவுக்காக மட்டும் என்னிடம் வாதாடாதீர்கள்.

கொசு என்றதும் இன்னொன்று. அந்த லார்வாவுக்கு வால் பக்கம் மூச்சுக்குழல் நீட்டிக்கொண்டு இருக்கவில்லை. தொட்டியில் நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்துக் கிடந்தது. மலேரியா பரப்பும் கொசுவகையான அனாபிலஸ்! மற்ற கொசுவகைகளான கியூலெக்ஸும் ஏடிஸும் அந்தக் குழலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். சென்னையில் மலேரியா பரப்புகிற அனாபிலஸ் ஸ்டீபன்சி மேல்தொட்டியிலும் கிணற்றிலும்தான் வளர்கிறது. மைக்ரோஸ்கோப்பில் காட்டி, தொட்டி மூடியை மாற்றச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்தில் கெஞ்சினேன். மூடிக்குப் பணமில்லையாம், வாசலுக்கு வளைவு கட்டப் பணம் வந்தது. இன்றுவரை உடைந்த மூடிதான். குழந்தைகள் இருக்கிற வீடுகள் இத்தனை இருந்தும் ஒருவரும் என்னோடு சேர்ந்து குரல் கொடுக்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். பிள்ளை ஸ்லைடை மட்டும் கொண்டுபோக வேண்டாம். ஆல்கஹாலில் ஒன்று, தைலத்தில் பாதி தெளிந்த ஒன்று என்று இடைநிலைக் குப்பிகளையும் இறுக்கி மூடிப் பக்கத்தில் வைக்கட்டும். ஸ்லைடு லேபிளில் பிடித்த இடம், தேதி, பெயர் மூன்றையும் அவர்களே பென்சிலால் எழுதட்டும். எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டால் அந்தக் குப்பிகளைக் காட்டலாம்.