அரிஸ்டாட்டில் பாரிஸுக்குப் போன கதை

கேள்வி: "இருண்டு கிடந்த ஐரோப்பாவுக்கு, தொலைந்துபோன கிரேக்கத் தத்துவத்தை அரேபியர்கள் பத்திரமாக எடுத்துவைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். அரிஸ்டாட்டில் வந்து சேர்ந்ததும் பகுத்தறிவு விழித்துக்கொண்டது, மதத்தின் பிடி தளர்ந்தது" என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். இது எந்த அளவுக்குச் சரி?
ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பெரும்பகுதி தவறு. பல மேடைகளில் நானும் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. இரண்டு மூன்று மதங்களைச் சேர்ந்தவர்கள் நானூறு ஐந்நூறு வருஷம் பட்ட பாட்டை இரண்டே வாக்கியத்தில் அடக்கினால் அந்த மனிதர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

முதலில், 'தொலைந்துபோன' என்ற சொல். யாருக்குத் தொலைந்தது? கான்ஸ்டான்டிநோபிளில் கிரேக்கம் பேசிய கிறிஸ்தவர்கள் அரிஸ்டாட்டிலைப் படி எடுத்துக்கொண்டும் உரை எழுதிக்கொண்டும்தான் இருந்தார்கள். கிரேக்கம் மறந்துபோனது லத்தீன் மொழி வழங்கிய மேற்கு ஐரோப்பாவில். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் இருவரையும் முழுசாக லத்தீனில் கொண்டுவர வேண்டும் என்று போயத்தியஸ் என்ற ரோமானிய அறிஞர் ஆசைப்பட்டார். அரசியல் குற்றச்சாட்டில் சிக்கி, 524 வாக்கில் கொல்லப்பட்டார். அவர் முடித்திருந்த சில தர்க்க நூல்கள்தான் அடுத்த 600 ஆண்டுகளுக்கு மேற்கு ஐரோப்பாவின் அரிஸ்டாட்டில்.

அடுத்தது 'பத்திரமாக எடுத்துவைத்திருந்து'. இது பெரிய அநியாயம். பாக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் மொழிபெயர்ப்பு வேலையின் தலைமகன் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அவர் முஸ்லிம்கூட இல்லை, சிரியாக் மரபுக் கிறிஸ்தவர், மருத்துவர். நிரூபணம் பற்றிக் கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிய ஒரு நூலுக்காக மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாண்ட்ரியா வரை அலைந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். கடைசியில் டமாஸ்கஸில் பாதிப் புத்தகம்தான் கிடைத்தது. ஒரு நூலுக்குப் பல பிரதிகளைச் சேகரித்து, ஒப்பிட்டு, பிழை நீக்கி, அப்புறம்தான் மொழிபெயர்ப்பில் கை வைப்பார். பாதுகாப்பறைக் காவலாளி செய்கிற வேலையா இது?

அதன்பின் வந்தவர்கள் அந்த நூல்களோடு மல்லுக்கு நின்றார்கள். இப்னு சீனா என்ற மருத்துவ மேதை அவற்றின் மேல் சொந்தமாக ஒரு தத்துவத்தையே கட்டினார். மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தத்துவவாதிகளின் இருபது கருத்துகளை எடுத்து விளாசினார். அவற்றில் மூன்று, மார்க்கத்தை விட்டே வெளியேற்றும் என்றார்: உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்பது, இறைவனுக்குத் தனித்தனி நிகழ்வுகள் தெரியாது என்பது, உடலோடு உயிர்த்தெழுதல் கிடையாது என்பது. ஆனால் இதே கஸ்ஸாலி தர்க்கத்தைத் தள்ளவில்லை. மார்க்கச் சட்டம் படிப்பவனுக்கு அது வேண்டும் என்றார். இந்திய மதரஸாக்களின் பழைய பாடத்திட்டத்தில் மன்திக் என்ற தர்க்கப் பாடம் உண்டு. அதில் வரும் 'ஈஸாகூஜி' என்ற சிறு நூலின் பெயரே 'அறிமுகம்' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்தான்.

கஸ்ஸாலிக்கு மறுப்பு எழுதிய இப்னு ருஷ்த் யார் தெரியுமா? முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஸ்பெயினின் செவில், கொர்தோபா நகரங்களில் காஜியாக, அதாவது மார்க்க நீதிபதியாக, இருந்தவர், காஜியின் பேரன். அரிஸ்டாட்டிலுக்கு உரைகள் எழுதியவர். தத்துவம் படிப்பதைத் தகுதியுள்ளவர்களுக்கு ஷரீஅத்தே கடமையாக்குகிறது என்று வாதாடினார். 1195-ல் அவரைப் பக்கத்து ஊரான லூசெனாவுக்கு நாடு கடத்தினார்கள், தத்துவ நூல்களை எரித்தார்கள். 1198-ல் இறப்பதற்குச் சற்று முன்புதான் திரும்ப அழைத்தார்கள். அதே கொர்தோபாவில் பிறந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் யூத மறையை அரிஸ்டாட்டிலோடு பொருத்திப் பார்த்தார். அவர் நூலால் தெற்குப் பிரான்ஸ் யூதர்களே இரண்டு பட்டார்கள்.

சரி, டொலேடோவுக்கு வருவோம். ஸ்பெயினில், 1085-ல் முஸ்லிம்களிடமிருந்து கிறிஸ்தவ அரசன் கைக்கு வந்த ஊர். அரபு நூல்களும் அரபு தெரிந்தவர்களும் அங்கேயே இருந்தார்கள். ஆன்மா பற்றி இப்னு சீனா எழுதியதை லத்தீனுக்குக் கொண்டுவந்த முறை அதன் முன்னுரையிலேயே இருக்கிறது. அவென்தாவுத் என்ற யூத அறிஞர் அரபைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக ஊர்ப் பேச்சுமொழியில் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து குந்திசால்வி என்ற பாதிரியார் அதை ஒவ்வொரு சொல்லாக லத்தீனில் எழுதுகிறார். முஸ்லிம் எழுதியதை யூதர் வாசிக்க, கிறிஸ்தவர் எழுதுகிறார். காணிக்கை டொலேடோ பேராயருக்கு! எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். இத்தாலியிலிருந்து கிரெமோனாவின் ஜெரார்டு, கிரேக்க வானியலாளர் தாலமியின் வானியல் நூல் ஒன்றைத் தேடி அங்கே போய், அரபு கற்று, 1187-ல் சாகும்வரை எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்தார்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. அரிஸ்டாட்டிலை வரவேற்றது யார், தடுத்தது யார்? இரண்டும் திருச்சபைதான். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர்கள் அத்தனை பேரும் திருச்சபையின் குருத்துவ வரிசையைச் சேர்ந்தவர்கள். 1210-ல் அங்கே கூடிய ஆயர்கள், அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவத்தை வெளிப்படையாகவோ ரகசியமாகவோ நடத்தினால் சபை விலக்கு என்றார்கள். 1215-ல் தடை மறுபடி வந்தது. 1229-ல் புதிதாகத் தொடங்கிய துலூஸ் பல்கலைக்கழகம், "பாரிஸில் தடை செய்த நூல்களை இங்கே வந்து கேட்கலாம்" என்று மாணவர்களைக் கூப்பிட்டது. 1231-ல் போப் ஒன்பதாம் கிரகோரி, பிழைகளைத் திருத்தும்வரை தடை நீடிக்கட்டும் என்றார். திருத்தும் வேலை முடியவே இல்லை. 1255-ல் அதே பாரிஸின் கலைத்துறை, அரிஸ்டாட்டிலைப் பாடமாகவே விதித்துவிட்டது. 45 வருஷத்தில் தண்டனைக்குரிய நூல் கட்டாயப் பாடமானது.

பயந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். உலகம் என்றும் இருந்தது என்றால் படைப்பு எங்கே? மனிதர் எல்லோருக்கும் சிந்திக்கும் அறிவு ஒன்றே என்று இப்னு ருஷ்த் சொல்வதாக லத்தீன் வாசகர்கள் புரிந்துகொண்டார்கள். அப்படியானால் செத்த பிறகு தனித்தனியாகத் தீர்ப்புக்கு நிற்பது யார்? நம்பிக்கையுள்ள எவரையும் தூங்கவிடாத கேள்விகள் இவை.

தாமஸ் அக்வினாஸ் இங்கேதான் வருகிறார். டொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த துறவி, பாரிஸில் இறையியல் கற்பித்தவர். எல்லோருக்கும் ஒரே அறிவு என்ற கருத்தை 1270-ல் கடுமையாக மறுத்து எழுதினார். ஆனால் உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் நிரூபிக்க முடியாது, விசுவாசத்தால்தான் ஏற்கிறோம் என்று நேர்மையாகச் சொன்னார். இரண்டு தரப்பிலும் அவருக்குப் பகை. 1274 மார்ச் 7-ல் இறந்தார். மூன்றே ஆண்டு கழித்து, அதே மார்ச் 7-ல், பாரிஸ் ஆயர் எத்தியென் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டித்தார். அக்வினாஸுடைய சில கருத்துகளும் அதில் அடிபட்டன. 1323-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. 1325-ல் அவரைத் தொடும் அளவில் அந்தக் கண்டனத்தைப் பாரிஸ் ஆயர் விலக்கிக்கொண்டார்.

பிடி தளர்ந்ததா என்கிறீர்கள். திருப்பலியில் வைக்கும் அப்பத்தைப் பாருங்கள். குருவானவர் வார்த்தை சொன்ன பிறகும் அதே வெண்மை, அதே வட்டம், அதே ருசி. பிறகு எது மாறியது? அக்வினாஸ் அரிஸ்டாட்டிலின் சொற்களை எடுத்து விளக்கினார்: நிறமும் ருசியும் வடிவமும் பொருளின் புறப் பண்புகள், அவை அப்படியே இருக்கின்றன, உள்ளிருக்கும் பொருள் கிறிஸ்துவின் உடலாகிவிடுகிறது. பொருள் இல்லாமல் பண்பு தனியே நிற்காது என்பதுதான் அரிஸ்டாட்டில் கணக்கு. கடவுளால் அதை நிறுத்திவைக்க முடியும் என்று அக்வினாஸ் அங்கே ஆசிரியரைத் தாண்டிப் போனார். கிரேக்கன் கொடுத்த கருவியால் மதம் தன் வீட்டை இன்னும் உறுதியாகக் கட்டிக்கொண்டது. குருமடத்தில் சேருகிறவர் இறையியலோடு தத்துவமும் படித்தாக வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றும் விதி. பிற்காலத்தில் அந்தக் கருவி வேறு கைகளுக்குப் போய் வேறு வேலைகள் செய்தது உண்மை. அது தனிக் கதை.

'திருப்பிக் கொடுத்தார்கள்' என்பதற்கும் ஒரு வார்த்தை. அரபு வழி மட்டுமே வழியாக இருக்கவில்லை. மோர்பெக்கின் வில்லியம் என்ற டொமினிக்கன் துறவி கிரேக்கத்திலிருந்தே நேராக மொழிபெயர்த்தார், கொரிந்துவின் பேராயராகவும் இருந்தார். ஆனாலும் கையில் நேரடி மொழிபெயர்ப்பு வந்த பின்னரும் பாரிஸில் இப்னு ருஷ்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் படித்தார்கள். அவர்களுக்கு அரிஸ்டாட்டில் 'தத்துவஞானி', இப்னு ருஷ்த் 'உரையாசிரியர்'. பெயர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஆன்மா பற்றி அவர் எழுதிய பேருரையின் அரபு மூலம் இன்று முழுசாகக் கிடைப்பதில்லை. மைக்கேல் ஸ்காட் பதின்மூன்றாம் நூற்றாண்டில் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பில்தான் அதை முழுசாகப் படிக்க முடிகிறது.