மொரீஷியஸில் பழைய பேப்பர்காரர் வருவாரா?

தம்பி, எபேனில் வேலை, ரோஸ்ஹில்லில் வீடு, சரி. பழைய பேப்பர்காரர் வருவாரா என்றும், தெருவில் ஒருவரையும் தெரியவில்லையே, என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

பேப்பர்காரர் வரமாட்டார். குப்பை லாரி வந்து, வாசலில் வைப்பதை ஒன்றாக அள்ளிக்கொண்டு போகும். எல்லாம் போய்ச் சேருவது மார் ஷிக்கோஸ் குப்பைக் கிடங்குக்கு. 1997-இலிருந்து தீவு முழுக்க அதைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் தரம் பிரிப்பது நம் பாடு. பீர் பாட்டிலை முனைக்கடையில் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது பாட்டிலுக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வரும். கடைக்குத் துணிப்பையோடு போங்கள், பிளாஸ்டிக் பைக்கு 2016-லேயே தடை.

அப்புறம், ஆள் பழகக் கோயில். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. வாழையிலையில் ஏழு கறி போட்டுச் சாப்பாடு. பரிமாற ஆள் தானாக ஓடிவரும், இலை எடுக்கத்தான் ஆள் கிடைக்காது. நீங்கள் அதற்குப் போங்கள். எச்சில் இலைக்குள் பாட்டிலைப் போட்டுவிட்டு யாராவது ஒரு பாட்டியிடம் திட்டு வாங்கினால், அடுத்த நாளே அவர் வீட்டில் உங்களுக்கு டீ கிடைக்கும்!

இதையெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தீவின் தென்கிழக்கே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6-இல் எண்ணெய் கசியத் தொடங்கியது. வெளிநாட்டு உதவி வரும்வரை சனங்கள் காத்திருக்கவில்லை. அந்தப் பக்கத்து ஊரான மாஹேபூர் கரையில் கூடி, காய்ந்த கரும்புச் சோகையைத் துணியில் திணித்து, எண்ணெயை மறிக்க நீளநீளமான தடுப்புகளாகத் தைத்தார்கள். அது மிதக்க வேண்டுமே? காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். எண்ணெயை உறிஞ்சட்டும் என்று தலைமுடியை வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல் வேலை நடந்தது. ஏற்கெனவே பழகிய தெருக்களும் சங்கங்களும் இருந்ததால்தான் அத்தனை பேரை அவ்வளவு சீக்கிரம் திரட்ட முடிந்தது என்பது என் எண்ணம். ஆயிரம் டன் அளவுக்கு எண்ணெய் கொட்டியது, முழுவதையும் தடுக்க முடியவில்லை என்பதும் உண்மை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். நவம்பரில் புயல் காலம் தொடங்கும். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் திடீர் வெள்ளம் வந்து 11 பேர் இறந்தார்கள். அதனால் வாசல் கால்வாயில் பாட்டிலும் இலையும் அடைத்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இருவருமாக எடுத்துப் போடுங்கள். கையோடு அவர் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.