கிரஷர் தூசைப் பார்த்துக் கேள்வி கேட்ட மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். திருவக்கரைப் பக்கம் கல் உடைக்கும் ஒரு கிரஷரின் எடைமேடையில் பதினெட்டு ஆண்டுகளாக லாரிகளை நிறுத்து அனுப்புகிறீர்கள். பிளஸ் டூ படிக்கும் மகள் ஒருநாள் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, பின்பக்கம் குவிந்து கிடந்த தூசு மேட்டைப் பார்த்து, "இதை மணலுக்குப் பதிலாக கான்கிரீட்டில் போட முடியாதா அப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து சிவில் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறாள். உங்கள் மைத்துனர் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார். நீங்களோ, "நான் தின்ற தூசு போதும், அவளும் தின்ன வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரிக்குப் பிறகு வருகிறேன். முதலில் அவளுடைய கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாராவது ஒருவர் அதை மதித்துப் பதில் சொல்ல வேண்டும்.

போடலாம். ஆனால் அள்ளி அப்படியே போட்டுவிட முடியாது. பாறையை ஜா கிரஷரில் கொடுத்து ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, சிப்ஸ் என்று பிரித்த பிறகு, 4.75 மில்லிமீட்டர் சல்லடைக்குக் கீழே விழுந்து மிஞ்சுவதுதான் கிரஷர் தூசு. அதன் துகள்கள் கூர்மையாகவும் தட்டையாகவும் இருக்கும். மாவு போன்ற நுண்பொடியும் அதில் மிகுதி. எம்.சாண்ட் அப்படியல்ல. கல்லைக் கல்லோடு மோதவிட்டு முனை மழுக்கும் வி.எஸ்.ஐ. இயந்திரத்தில் மணலாகவே உருவாக்கி, கழுவி, அளவு பார்த்துச் சேர்ப்பது அது. இரண்டும் ஒரே பாறையின் பிள்ளைகள்தான். ஆனால் வளர்ப்பு வேறு. நொறுக்கிய கல் மணலையும் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383 ஏற்றுக்கொள்கிறது. 150 மைக்ரான் சல்லடையைத் தாண்டும் பொடி, இயற்கை மணலைப் பருமனைக் கொண்டு அந்தத் தரம் பிரிக்கும் வகைகளில் (மண்டலங்கள் என்பார்கள்) முதல் மூன்றில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கல் மணலுக்கு 20 சதவீதம் வரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கல் பொடி ஆற்று வண்டலைப் போல் களிமண் கலந்தது அல்ல என்பதுதான் அந்தச் சலுகைக்கு அடிப்படை. ஆனால் குவாரியின் மேல்மண்ணும் சேர்ந்து நொறுங்கியிருந்தால் அந்த அடிப்படையே போய்விடும். அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் தேவை. ஐயா, நான் பேசவந்த வேலை அந்த ஆளுடையது.

நான் கல்வி ஆலோசகராவதற்கு முன் ஒரு பாலிடெக்னிக்கின் பொருள் சோதனைக் கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவன். ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்களில் ஏதாவது ஒரு குழு இதே தலைப்போடு வரும்: மணலுக்குப் பதில் குவாரி தூசு. பத்துப் பத்து சதவீதமாகக் கூட்டுவார்கள், 150 மில்லிமீட்டர் கனசதுரங்களை வார்ப்பார்கள், 7 நாளிலும் 28 நாளிலும் உடைப்பார்கள், பட்டை வரைபடம் போட்டு அட்டை கட்டிவிடுவார்கள். அப்படி ஒரு அறிக்கையோடு வந்த மாணவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உன் தூசு எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? நீ எடை போட்டபோது அது ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா?" அவனுக்குத் தெரியவில்லை. பிறகு கான்கிரீட்டைக் கலந்தே லாரியில் அனுப்பும் ஒரு ரெடிமிக்ஸ் ஆலையின் நேர்முகத் தேர்விலும் கிட்டத்தட்ட இதையே கேட்டிருக்கிறார்கள். வேலை கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு பெரியது என்று உங்கள் மகளுக்குக் கணக்காகவே காட்டுங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் ஏறத்தாழ 700 கிலோ மணல் சேரும் என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் ஜல்லி போட்டு 50 மில்லிமீட்டர் ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்பதன் அளவு) வேண்டுமென்றால், கலவை வடிவமைப்புக்கான ஐ.எஸ். 10262 தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லும் தண்ணீர் 186 லிட்டர். முந்தைய இரவு மழை பெய்து மணலில் 5 சதவீதம் மிகை ஈரம் ஏறியிருந்தால், யாரும் ஊற்றாமலேயே 35 லிட்டர் தண்ணீர் கலவைக்குள் போய்விடும். கான்கிரீட்டின் பலம் அந்த அளவுக்குக் கரையும். மாறாக, எலும்பு போல் காய்ந்த தூசு தன் எடையில் 3 சதவீதம் உறிஞ்சக்கூடியதாக இருந்தால் 21 லிட்டரை அதுவே குடித்துவிடும். கலவை இறுகிப்போய் மேஸ்திரி ஹோஸ் பைப்பைத் தேடுவார். அவர் ஊற்றும் அந்தத் தண்ணீருக்குக் கணக்கு ஏது? தூசைப் பயன்படுத்திக் கெட்ட வீடு என்று பின்னால் பேச்சு வருமே, பெரும்பாலும் கெடுத்தது இந்தக் கணக்கில்லாத தண்ணீர்தான். எடைமேடையில் நிற்கும் உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஈரச் சரக்கு எவ்வளவு எடை காட்டும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அந்த மாணவன் பிறகு ஒரு சோதனைக் கூடத்தில் சொற்பச் சம்பளத்துக்குச் சேர்ந்தான். சல்லடை, தராசு, உலர்த்தும் அடுப்பு ஆகியவற்றோடு ஆறு மாதம் கழித்தான். இன்று ஒரு ரெடிமிக்ஸ் ஆலையில் தரக் கட்டுப்பாட்டைப் பார்க்கிறான். மணல் லாரி உள்ளே வந்தால் இறக்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று சொல்பவன் அவன்.

உங்கள் மகள் இன்னும் ஒரு படி மேலே போய், சிமெண்டுக்குப் பதிலாகவே தூசைப் போடலாமே என்று கேட்கக்கூடும். அங்கே உடனே தலையாட்டக்கூடாது. ஜல்லிப் பாறையின் தூசு தானாக இறுகாது. சிமெண்ட் இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்போடு வினைபுரிந்து பலம் தரும் குணம் அனல்மின் நிலையச் சாம்பலுக்கு உண்டு, சாதாரணக் கல் தூசுக்கு இல்லை. அது இடைவெளியை நிரப்பும், அவ்வளவுதான். ஆனால் வேறு குவாரிக் கழிவுகள் இதைச் சாதித்திருக்கின்றன. சிமெண்ட் ஆலைக்குத் தரம் போதாது என்று ஒதுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லையும், சுட்ட களிமண்ணையும் சேர்த்து எல்.சி.3 என்ற சிமெண்டை உருவாக்கியிருக்கிறார்கள். சூளையில் சுட்டெடுக்கும் சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் அதன் பரவலான கலவையில் பாதிதான். 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம். கிளிங்கருக்கு 1,450 டிகிரி வெப்பம் வேண்டும், களிமண்ணுக்கு அதில் ஏறத்தாழப் பாதி போதும். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தோடு சேர்ந்து இதில் உழைத்த நிறுவனங்களில் நம் ஐஐடி மெட்ராஸும் ஒன்று. 2023-இல் இதற்கென்று தனி இந்தியத் தரம் வந்துவிட்டது. கழிவு என்று ஒதுக்கியதைப் பார்த்து ஒருவர் கேட்ட கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது அருகிலேயே இருக்கும் சான்று.

இனி நீங்கள் அஞ்சும் தூசு.

உங்கள் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. வட தமிழ்நாட்டுக் குவாரிகள் பலவற்றில் உடைபடுவது சார்னோகைட் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்குப் போன கல்லும் அதுதான். சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிக் கல். அவர் பெயரே பாறைக்கும் நிலைத்துவிட்டது. அந்தப் பாறையில் குவார்ட்ஸ் உண்டு. அதன் கண்ணுக்குத் தெரியாத பொடி ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் வருவது சிலிகோசிஸ். வந்தபின் அதைக் குணமாக்க மருந்து இல்லை. சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் அது இருக்கிறது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது இந்தப் பொடிக்குப் போதாது. ஐயா, மகளின் படிப்பைப் பற்றிக் கேட்க வந்த உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: கடைசியாக எப்போது மார்பு எக்ஸ்ரே எடுத்தீர்கள்? பதினெட்டு ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே விழுப்புரத்தில் மருத்துவரைப் பாருங்கள், கிரஷரில் வேலை என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் மகள் போக நினைக்கும் வேலையில் தூசு அறவே இருக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சோதனைக் கூடத்திலும் சல்லடை ஆட்டும்போது பொடி பறக்கும். ஆனால் அங்கே என்ன பறக்கிறது, எவ்வளவு பறக்கிறது, எந்த முகக் கவசம் அதைத் தடுக்கும் என்று படித்துத் தெரிந்து நிற்பாள். தண்ணீர் தெளிப்பான் ஓடாத கிரஷரை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடும் ஒருநாள் நிற்கக்கூடும்.

வேலை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். ரெடிமிக்ஸ் ஆலைகள், தனியார் சோதனைக் கூடங்கள், சிமெண்ட் நிறுவனங்களின் தொழில்நுட்பச் சேவைப் பிரிவு, கான்கிரீட்டில் கலக்கும் வேதிப்பொருள் நிறுவனங்கள், பெரிய கட்டுமான நிறுவனங்களின் தரப் பிரிவு ஆகியவை நேரடியானவை. தமிழ்நாட்டில் எம்.சாண்ட் ஆலைகள் தரச் சான்றுக்குப் பொதுப்பணித் துறையிடம் போக வேண்டியிருக்கிறது. 2023-இல் அரசு எம்.சாண்டுக்கென்று தனிக் கொள்கையும் வெளியிட்டது. 5 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் சொன்ன பிறகு, அந்த அறிக்கைகளைத் தயாரிக்கவும் சரிபார்க்கவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். அரசுப் பணி வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வு இருக்கிறது. ஆராய்ச்சி பிடித்துவிட்டால் கேட் தேர்வு எழுதி ஐஐடி, என்ஐடி. தரமணியில் சிஎஸ்ஐஆரின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும் இருக்கிறது.

தொடக்கச் சம்பளத்தில் உங்கள் மைத்துனர் சொல்வது பெரும்பாலும் உண்மை. நல்ல மென்பொருள் நிறுவனத்தில் சேரும் பிள்ளையைவிட இவள் முதல் மூன்று, நான்கு ஆண்டுகள் குறைவாகத்தான் வாங்குவாள். சைட்டில் நேரம் காலம் இராது, ஊர் மாற்றமும் உண்டு. இந்த உண்மையை அவளிடமும் மறைக்காதீர்கள். ஆனால் கம்ப்யூட்டரில் ஆர்வமே இல்லாத பிள்ளையை அதில் தள்ளி, மூன்றாம் ஆண்டில் ஏழு அரியரோடு என்னிடம் கூட்டிவந்த பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன். தூசு மேட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பிள்ளைகள் குறைவு ஐயா. என் கருத்தைக் கேட்டால், அவளை சிவிலில் விடுங்கள்.

பெண் பிள்ளை சைட்டில் நிற்பதா என்ற தயக்கம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. பூமிக்கடியிலான சுரங்கங்களின் தொழில்நுட்பப் பணிகளுக்கே 2019-இல் மத்திய அரசு பெண்களை அனுமதித்துவிட்டது. ஆய்வுக் கூடங்களிலும் ரெடிமிக்ஸ் ஆலைகளிலும் பெண்கள் இப்போது புதியவர்கள் அல்லர்.

பணம் பற்றி. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பள்ளியிலிருந்து படிப்புச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் இதற்காக அலைந்து தவித்த குடும்பங்கள் உண்டு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குத்தான் கட்-ஆஃப் என்பதால் கணிதத்தை விட்டுவிடக்கூடாது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் முகப்பைப் பார்க்காதீர்கள். கான்கிரீட் சோதனைக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அழுத்தச் சோதனை இயந்திரத்தில் தூசு படிந்திருந்தால் வேறு கல்லூரி பாருங்கள். கட்-ஆஃப் குறைந்துவிட்டால் மூன்றாண்டு டிப்ளமோவும், அதன்பின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கையும் இருக்கின்றன. பாறையே பிடித்துப்போனால் புவியியற்பியலையும் நிலவியலையும் மறந்துவிட வேண்டாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் பட்டமும் இருக்கிறது.

தேர்வு முடிந்த மறுநாள் அவளிடம் ஒரு சிறு வேலை கொடுங்கள். மூன்று கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றில் உங்கள் கிரஷர் தூசு, இன்னொன்றில் எம்.சாண்ட், மூன்றாவதில் எங்காவது கொஞ்சம் கிடைத்தால் ஆற்று மணல், மூன்றும் ஒரே அளவு. மேலே தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைத்துவிடச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் கழித்து மணலுக்கு மேல் படிந்திருக்கும் மாவு அடுக்கின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதட்டும். தூசை ஈரமாக அள்ளுங்கள், பறக்க விடாதீர்கள். பிறகு மூன்றிலும் ஏன் வேறு வேறு உயரம் என்று அவளுக்குத் தோன்றுவதை அரைப் பக்கம் எழுதச் சொல்லி, அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். அதோடு உங்கள் எக்ஸ்ரே முடிவையும் ஒரு வரி எழுதுங்கள்.