காலேஜ் மாத்தறதுக்கு முன்னாடி ஹாஸ்டல் ரசீதை எடுத்துப் பாருங்ணா

கேள்வி: பல்லடத்துல கூலிக்கு தறி ஓட்டறனுங்க. பையன் கோயமுத்தூர்ல ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட்டுல மெக்கானிக்கல் சேர்ந்தான், முதல் வருஷம் முடியப் போகுது. வருஷத்துக்கு 2,05,000 ஆகுதுங்க. ட்யூஷன் 95,000, ஹாஸ்டல் மெஸ் 85,000, ட்ரெய்னிங் அது இதுன்னு 25,000. திருப்பூர் பக்கம் ஒரு காலேஜ்ல பஸ்ஸோட சேத்து 1,10,000தான்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு. மாத்தித் தர அவருக்கு 40,000 வேணுமாம். கவர்மென்ட் காலேஜே வேணும்னாலும் பாக்கலாம், முதல் பட்டதாரி சலுகையும் வாங்கித் தர்றேங்கறாரு. டிசியும் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் எடுத்துட்டு வரச் சொல்றாரு. மாத்தலாமுங்களா?

பதில்: அண்ணா, முதல்ல அந்த ஏஜென்ட் கைல ஒரு பேப்பர் கூட குடுத்துராதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

உங்க கணக்கை எடுத்துக்கறேன். 2,05,000த்துக்கும் 1,10,000த்துக்கும் வருஷம் 95,000 வித்தியாசம், கேக்கவே தல சுத்துது, மாத்திரலாம்னு தோணறது நியாயந்தான். ஆனா அந்த 1,10,000ல பையன் வீட்டுல இருந்து பஸ்ல போறான், இந்த 2,05,000ல ஹாஸ்டல்ல இருக்கான். ரெண்டும் ஒரே கணக்கு இல்லீங்களே. இப்ப இருக்கற காலேஜுக்கே பல்லடம் நால்ரோட்டுல காலேஜ் பஸ் ஏறுனா என்ன ஆகும்னு கேட்டீங்களா? பஸ் ஃபீஸ் 35,000னு வச்சுக்குங்க, 95,000 பிளஸ் 25,000 பிளஸ் 35,000, மொத்தம் 1,55,000. இப்ப வித்தியாசம் 45,000தான். மூணு வருஷத்துக்கு 1,35,000. அதுல ஏஜென்டுக்கு 40,000, புதுக் காலேஜ்ல அட்மிஷன் ஃபீஸ் யூனிஃபார்ம்னு மறுபடி ஒரு 20,000 போகும், மிச்சம் 75,000. இன்னும் அந்த ட்ரெய்னிங் 25,000ல கை வைக்கலை நாம. பையன் காலைல ஆறரைக்கு பஸ் ஏறணும், சாயந்திரம் ஏழு மணிக்கு வீடு வந்து சேருவான், அது கஷ்டந்தான், இல்லேங்கல, ஆனா புதுக் காலேஜ்லயும் அவன் பஸ்லதானுங்க போகப் போறான்.

அந்த 25,000 எதுக்குன்னு ரசீதை எடுத்து ஒவ்வொரு வரியா படிங்க. தமிழ்நாட்டுல தனியார் இன்ஜினியரிங் காலேஜுக்கெல்லாம் ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில ஒரு கட்டண நிர்ணயக் கமிட்டி இருக்குது. 2017ல அவங்க வச்சது அரசு கவுன்சிலிங்ல கெடைக்கற சீட்டுக்கு 55,000, காலேஜே நேரா குடுக்கற மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 87,000, அதுவும் என்பிஏ தர அங்கீகாரம் வாங்குன கோர்ஸுக்கு, வாங்காததுக்கு 50,000மும் 85,000மும். அதுக்கப்புறம் கூட்டியிருந்தா அந்த ஆர்டரை காலேஜ் காட்டட்டும். இந்த தொகைக்கு மேல வாங்கறதுக்குத்தான் ட்ரெய்னிங், அசோசியேஷன், டெவலப்மென்ட்னு விதவிதமா பேரு வைக்கறாங்க. கமிட்டி ஒரு ரேட்டு போடும், காலேஜ் ஒண்ணு வாங்கும், கேக்கறதுக்கு ஆளில்ல, வருஷா வருஷம் இதே கூத்துதான். நீங்க நேரா பிரின்சிபாலைப் பாத்து, கூலி கொறஞ்சு போச்சுங்க, ஹாஸ்டலை விடறோம், இந்த ட்ரெய்னிங் ஃபீஸை கொறைங்க, ட்யூஷனை நாலு தவணையா கட்டறோம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. சீட்டு காலியா கெடக்கற காலத்துல ஒரு பையனை விட எந்தக் காலேஜும் சீக்கிரம் சம்மதிக்காது. பாதிக்கு பாதியாவது எறங்குவாங்க.

இப்ப ஏஜென்ட் சொன்ன கதைக்கு வர்றேன்.

கவர்மென்ட் காலேஜ்ங்கறாரு. கோயமுத்தூர் கவர்மென்ட் காலேஜான ஜிசிடி, ஈரோடு கவர்மென்ட் இன்ஜினியரிங், சேலம் கவர்மென்ட் இன்ஜினியரிங், இதெல்லாம் கவுன்சிலிங்ல ரேங்க் பாத்து நெரம்பற எடம். தனியார் காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட்டுல சேர்ந்த பையனை நடுவுல 40,000 வாங்கிட்டு அங்க உக்கார வைக்க எந்த ஏஜென்டாலயும் முடியாது. முடியும்னு சொல்றவன் ரெண்டு மாசம் உங்களை அலைய வச்சுட்டு, கடைசில அங்க சீட்டு ஃபுல்லாயிருச்சுங்க, இந்தத் தனியார் காலேஜ்ல சேந்துக்குங்கன்னு முடிப்பான். அந்தக் காலேஜ்லயும் அவனுக்கு கமிஷன் உண்டு. அதாவது உங்ககிட்டயும் வாங்குவான், அவங்ககிட்டயும் வாங்குவான்.

அடுத்தது முதல் பட்டதாரி. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்லணும், ஏன்னா இதைச் சொல்லித்தான் நெறய பேரைக் கவுக்கறாங்க. குடும்பத்துல தாத்தா பாட்டி, அது அப்பா வழியானாலும் அம்மா வழியானாலும், அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க, யாருமே டிகிரி வாங்காம இருந்து இந்தப் பையன் முதல் ஆளா படிச்சா ட்யூஷன் ஃபீஸ்ல அரசு ஒரு தொகை குடுக்குது. இ-சேவைல அப்ளை பண்ணா தாலுகா ஆபீஸ்ல இருந்து சர்டிபிகேட் வரும். இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, அந்தச் சலுகை கவுன்சிலிங் வழியா சேர்ந்தவங்களுக்கு மட்டுந்தான். சர்டிபிகேட் கைல இருந்தாலும் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஒத்த ரூவா கெடையாது. காலேஜ் மாறுனா மட்டும் நீங்க கவுன்சிலிங்ல சேர்ந்தவரா ஆயிருவீங்களா? ஆக மாட்டீங்க, முதல்ல எப்படிச் சேர்ந்தீங்களோ அதுதான் ரெக்கார்டுல கூடவே வரும். நேர்மாறா கவுன்சிலிங்ல சேர்ந்து இந்தச் சலுகை வாங்கிட்டிருக்கற பசங்க மாறணும்னா, மாறுன பின்னாடியும் சலுகை தொடருமான்னு புதுக் காலேஜ்கிட்ட எழுத்துல வாங்காம காலை நகட்டாதீங்க. அதெல்லாம் வருங்க, பாத்துக்கலாம்னு வாயில சொல்றதை நம்பி மாறிட்டு, ரெண்டாம் வருஷம் முழு ஃபீஸுக்கு சலான் வந்து நிக்கற குடும்பங்களைப் பாத்துட்டுதான் சொல்றேன். அரசுப் பள்ளில ஆறாவதுல இருந்து படிச்சு 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சேர்ந்த பசங்களுக்கு அரசே ஃபீஸ் கட்டுது, அவங்க காலேஜ் மாறற பேச்சே எடுக்க வேண்டாம்.

சரி, எல்லாம் பேசிப் பாத்து எதுக்கும் எறங்கி வரலை, மாத்தியே ஆகணும்னா? அதுக்கு ஏஜென்டே தேவையில்லீங்க. புதுக் காலேஜ்ல அதே மெக்கானிக்கல் பிராஞ்ச்ல காலி எடம் இருக்குதுன்னு எழுத்துல ஒரு லெட்டர், ரெண்டு பிரின்சிபால்கிட்டயும் ஆட்சேபணை இல்லைங்கற என்ஓசி, பையனோட மார்க் விவரம், இதெல்லாம் வச்சு காலேஜ் வழியா அண்ணா யுனிவர்சிட்டிக்கும் சென்னைல தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் போகணும். அங்க இருந்து ஆர்டர் வரணும். பொதுவா ரெண்டாம் வருஷம் தொடங்கறப்பதான் இது நடக்கும், அதனால ஸ்டடி லீவு முடிஞ்சு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. ஃபைல் எந்த டேபிள்ல தூங்குதுன்னு கேட்டா ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டாங்க, போன் பண்ணா இவரு அவரைக் கைகாட்டுவாரு, அவரு இவரைக் கைகாட்டுவாரு, அதுக்குள்ள கிளாஸ் ஆரம்பிச்சு அட்டென்டன்ஸ் போயிட்டிருக்கும். இந்தச் சலிப்புலதான் சனங்க ஏஜென்ட்கிட்ட போயி விழறாங்க.

ஆர்டர் கைக்கு வராம டிசி வாங்கவே கூடாது. இதுதானுங்க பெரிய குழி. டிசி வாங்கிட்டா பையன் பழைய காலேஜ் ஆளும் இல்ல, ஆர்டர் வராததால புதுக் காலேஜ் ஆளும் இல்ல, தறில புதுப் பாவு நூல் வராம ஓடிட்டிருக்கற பாவை அறுத்துப் போட்ட கதைதான். ஏஜென்ட் முதல்லயே டிசி கேக்கறதும் இதுக்குத்தான், அப்புறம் அவன் சொல்ற எடத்துல சேரறதை விட்டா வேற வழி இருக்காது.

இன்னொண்ணு, இப்ப இருக்கற காலேஜ் தன்னாட்சியா, நேரா அண்ணா யுனிவர்சிட்டி சிலபஸான்னு பாருங்க. தன்னாட்சின்னா அவங்க சிலபஸ் வேற, அங்க படிச்சது இங்க இல்லாம, இங்க இருக்கற பேப்பர் அங்க படிக்காம, ரெண்டு மூணு பேப்பர் எச்சா எழுத வேண்டி வரும். பையனுக்கு ஏற்கனவே அரியர் இருந்தா இது இன்னும் சிக்கல், அரியரை முடிச்சுட்டுப் பேசுங்க.

கெளம்பறப்ப மீதி மூணு வருஷ ஃபீஸைக் கட்டிட்டுப் போன்னு சில காலேஜ்ல மெரட்டுவாங்க. அப்படிக் கேக்கக் கூடாது, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் புடிச்சு வைக்கக் கூடாதுன்னு இன்ஜினியரிங் காலேஜுகளுக்கு அனுமதி குடுக்கற மத்திய அமைப்பு ஏஐசிடிஇயோட விதியே இருக்குது. வாயில சண்டை போடாம, எழுத்துல கேளுங்க, குடுக்கலைன்னா ஏஐசிடிஇ புகார் போர்ட்டல்லயும் முதல்வர் உதவி மைய நம்பர் 1100லயும் பதிவு பண்ணுங்க. நடப்பு வருஷ பாக்கி இருந்தா மட்டும் அதைக் கட்டித்தான் ஆகணும்.

பேங்க் லோன் இருந்தா மேனேஜர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, லோன் சாங்ஷன் ஆனது பழைய காலேஜ் பேர்ல. லோன் இன்னும் போடலைன்னா வித்யா லட்சுமி போர்ட்டல்ல போடலாம், 4 லட்சம் வரைக்கும் உங்க கைக்காசு பங்கு கேக்க மாட்டாங்க, 7.5 லட்சம் வரைக்கும் எடத்துப் பத்திரம் கேக்கறதில்ல.

ஏஜென்ட் மறுபடி போன் பண்ணா, புதுக் காலேஜ் லெட்டர்ஹெட்ல காலி எடம் இருக்குதுன்னு பிரின்சிபால் கையெழுத்தோட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்னு மட்டும் சொல்லுங்க. பெரும்பாலும் அதோட போன் வராது. வந்து, லெட்டரும் நெஜமா இருந்தா, நீங்களே நேரா அந்தக் காலேஜ் ஆபீஸுக்குப் போயி பையன் பேர்ல அப்ளை பண்ணுங்க. ஹாஸ்டலை விடறதா இருந்தா வருஷக் கடைசிக்கு முன்னாடியே வார்டன்கிட்ட எழுதிக் குடுங்க, இல்லேன்னா அடுத்த வருஷத்துக்கும் சேத்து பில் போட்டுருவாங்க, டெபாசிட்டைக் கேட்டு வாங்க மறந்துராதீங்க.