அமுக்கினா பாடுது, விட்டா ஊமை

கேள்வி: அண்ணே வணக்கம், நான் சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன். எல்எம்386ங்கிற ஐசி (சிப்) வச்சு ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் செஞ்சேன், போர்டும் நானே ஃபெரிக் குளோரைட்ல எட்ச் பண்ணி (வேண்டாத செப்பை அரிச்சு எடுத்து) துளை போட்டது, 9 வோல்ட் பேட்டரி. விரலால போர்டை அமுக்கினா பாட்டு சூப்பரா வருது, விரலை எடுத்தா கரகரன்னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்ல. சிம் லிம் டவர் போய் ரெண்டு தடவை புது ஐசி வாங்கி சாக்கெட்ல மாத்தியாச்சு, அதே கதைதான். மல்டிமீட்டர்ல பீப் வச்சுப் பார்த்தா எல்லா சால்டர் ஜாய்ண்டும் நல்லாருக்குன்னு கத்துது. மூணாவது ஐசி வாங்கவா?

பதில்: வேணாம் தம்பி, காசை வச்சுக்கோங்க. செத்த ஐசி எவ்ளோ அமுக்கினாலும் பாடாது, உங்களுது பாடுதே! எங்கயோ ஒரு ஜாய்ண்ட் ஒட்டாம சும்மா தொட்டுக்கிட்டு இருக்கு, அவ்ளோதான்.

அந்த பீப்பை நம்பாதீங்க. மீட்டர் முனையை வச்சு நீங்க குத்துற குத்துலயே விரிசல் சேர்ந்துக்கும், பீப் அடிக்கும், முனையை எடுத்ததும் மறுபடி பிரிஞ்சுடும். நானும் இதுல ஏமாந்து ரெண்டு வாரம் வீணாக்கினவன்தான், அதுவும் சுங்கை ரோடு சந்தையில வாங்கின ஒரு பழைய ரேடியோல, அந்தச் சந்தையே 2017ல மூடிட்டாங்க, ரேடியோ மட்டும் இன்னும் ஓடுது.

இப்படிப் பண்ணுங்க. மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு கறுப்பு வயரை பேட்டரி மைனஸ்ல கிளிப் போட்டுடுங்க, சிவப்பு முனையை போர்டுல இருக்குற செப்பு பேட்ல வைக்காம ஐசியோட கால்லயே லேசா தொடுங்க. 6வது கால்ல பேட்டரி வோல்ட் முழுசா இருக்கணும், 5வதுல ஏறக்குறைய பாதி, அதாவது நாலரை, 4வது கால் கிரவுண்ட், அதாவது பேட்டரி மைனஸ் பக்கம், அங்க பூஜ்யம். 4வதுல ஏதாவது வோல்ட் காட்டினா ஆள் மாட்டிக்கிட்டான். எல்லாம் சரியா இருந்தா பாட்டை ஓட விட்டு ஒரு சாத்தே குச்சியால ஒவ்வொரு பார்ட்டா மெதுவா ஆட்டிப் பாருங்க, மரக்குச்சிங்கிறதால ஷார்ட் ஆகாது, எதைத் தொடும்போது சத்தம் போய்ப் போய் வருதோ அதான். ஐசியை உருவி, சாக்கெட்டுக்குள்ள போகாம மடங்கின கால் ஏதாவது இருக்கான்னும் பார்த்துடுங்க.

என் சந்தேகம் கிரவுண்ட் மேலதான். அங்க செப்பு அகலமா விட்டிருப்பீங்க, அது சூட்டை உறிஞ்சிடும், ஈயம் (சால்டர்) உருகும் ஆனா பேட் சூடாகாது, அதனால பந்து மாதிரி உக்காந்துக்கும். ஈயமில்லாத சால்டர் கம்பின்னா இன்னும் கஷ்டம், பழைய 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37) கம்பி 183 டிகிரியில உருகும், இது 217 தாண்டணும். சால்டரிங் அயர்னை 350 டிகிரி கிட்ட வச்சு, அகலமான முனையால பேட்டையும் காலையும் சேர்த்து ரெண்டு மூணு செகண்ட் சூடாக்கிட்டு கம்பியை எதிர்ப்பக்கத்துல இருந்து கொடுங்க. முனையில ஈயத்தை எடுத்துட்டு வந்து தடவுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, ஈயம் ஒட்ட உதவுற ஃப்ளக்ஸ் வர்ற வழியிலயே எரிஞ்சு போயிடும். பளபளப்பை வச்சும் முடிவு பண்ணாதீங்க, ஈயமில்லாதது நல்லா ஒட்டினாலும் மங்கலாத்தான் இருக்கும், ஓரம் சரிவா பரவியிருக்கான்னு பாருங்க.

எட்ச் பண்ண போர்டை நாலு நாள் சும்மா வச்சீங்களா? நம்ம ஊர் புழுக்கத்துல செப்பு கறுத்துடும், மார்க்கர் மை மிச்சம் இருந்தாலும் ஈயம் ஒட்டாது, ஸ்டீல் வுல்ல தேய்ச்சுட்டு சால்டர் பண்ணுங்க. அப்படியும் சரியாகலைன்னா போன் டார்ச்சை போர்டுக்குப் பின்னால அடிச்சுப் பாருங்க, ட்ராக்ல முடி மாதிரி வெளிச்சக் கோடு தெரிஞ்சா அங்கதான் அறுந்திருக்கு, வெட்டிப் போட்ட ரெசிஸ்டர் கால் ஒண்ணை மேல வச்சு சால்டர் பண்ணா முடிஞ்சது.

கேள்வி: ஹார்ட்வேர் கடையில பைப்புக்குன்னு விக்கிற பேஸ்ட்டைத் தடவி சால்டர் பண்ணேன், இப்ப காலெல்லாம் பச்சை பூத்திருக்கு, ஏன்?

பதில்: அது ஆசிட் பேஸ்ட்டா இருக்கும், செப்பை அரிச்சுக்கிட்டே இருக்கும். வயரைக் கழட்டிட்டு வெந்நீர், பல் பிரஷ், அப்புறம் ஐசோப்ரோபில் ஆல்கஹால்னு கழுவிப் பாருங்க, ஆனா வயர் இன்சுலேஷனுக்குள்ள போயிருந்தா கழுவியும் வராது, அந்த வயரை வெட்டிப் போட்டுட்டு புதுசு போடுங்க. எலக்ட்ரானிக்ஸுக்கு இந்த ஆசிட் பேஸ்ட் வேணாம், ரோசின் (மரப்பிசின்) ஃப்ளக்ஸ் போடுங்க.