42,000 ரூபாய்க்குள் மகளுக்கு லேப்டாப்: தங்கச்சிமடம் வாசகியின் கேள்வி

கேள்வி: வணக்கம் அய்யா. தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். நான் பாசி எடுக்கப் போவேன். மகள் அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் இராமநாதபுரத்தில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். சீட்டு முடிந்த பணம் 42,000 ரூபாய் கையில் இருக்கிறது. கடையில் கேட்டால், இந்தப் படிப்புக்கு கேமிங் லேப்டாப்தான் தாங்கும் என்று 72,000 ரூபாய் மாடலைக் காட்டுகிறார்கள். முன்பணம் வேண்டாமாம். வட்டியில்லா இஎம்ஐ, மாதம் 6,000, 12 மாதம். மொத்தமாகக் கொடுத்தால் 68,000க்குத் தருவார்களாம். சங்கிலியை அடகு வைத்து வாங்கலாமா, இஎம்ஐ போடலாமா? இல்லை, கையில் இருக்கிற பணத்துக்கு வாங்கினால் நாலு வருஷம் ஓடுமா?

பதில்: ஓடும், சகோதரி. கையில் இருக்கிற பணத்திலேயே வாங்குங்கள். சங்கிலியும் வேண்டாம், இஎம்ஐயும் வேண்டாம்.

முதலில் அந்த இஎம்ஐ கணக்கைப் பார்ப்போம். ரொக்கம் கொடுத்தால் 68,000, தவணையில் 72,000 என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். நடுவில் இருக்கிற 4,000 ரூபாய்தான் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு 11 சதவீதத்தை ஒட்டி வருகிறது. இதற்கு மேல் ப்ராசஸிங் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி என்று தனியாக வரும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பெயர் மட்டும் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறது.

11 சதவீதம் கொடுமையான வட்டி என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டு வருமானம் வருகிற விதத்துக்கு அது ஒத்துவராது என்பதுதான் என் கவலை. மாதச் சம்பளக்காரர் வீட்டில் 5ஆம் தேதி 6,000 எடுத்தால் சமாளித்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் வாரத்தில் எல்லா நாளும் கடலுக்குப் போக முடியாது. காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கனும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் இது எத்தனை நாள் நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்துக்கு இஎம்ஐ மட்டும் 12,000 ரூபாய். அரசு தருகிற தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000. நிவாரணம் முழுவதையும் கட்டினாலும் 4,000 குறையும், அரிசி பருப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு தவணை தவறினால் வங்கி ஒரு அபராதம் போடும், நிதி நிறுவனம் இன்னொன்று போடும், கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நாளைக்கு மகளின் மேற்படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டுப் போனால், உடன் கையெழுத்துப் போடுகிற பெற்றோரின் சிபிலைத்தான் வங்கி பார்க்கும்.

சங்கிலி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். தடைக்காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் முதலில் வெளியே எடுக்கிற பொருள் அதுவாகத்தான் இருக்கும். அதை ஆகஸ்டிலேயே அடகுக்கடையில் வைத்துவிட்டால் மே மாதம் எதை வைப்பீர்கள்?

இனி லேப்டாப். கேமிங் மாடலில் கூடுதலாக இருப்பது கிராஃபிக்ஸ் கார்டு. முப்பரிமாண வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டுகள் இவற்றுக்கு அது வேண்டும். மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைக்குக் கேட்டிருந்தால் நானே யோசித்திருப்பேன். உங்கள் மகள் தொடக்கத்தில் எழுதப்போவது பைதான், சி. பிறகு ஜாவா, டேட்டாபேஸ், வெப்சைட் வேலைகள். இதில் எதற்கும் அந்தக் கார்டு தேவையில்லை. செயற்கை நுண்ணறிவுப் பாடம் வந்தால்கூட, கூகுள் கோலாப் என்ற இலவச வசதியில் கூகுளின் கணினியையே பிரவுசர் வழியாகப் பயன்படுத்தலாம். கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். இன்னொன்று, கேமிங் லேப்டாப் பொதுவாக இரண்டு கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், சார்ஜரும் செங்கல் மாதிரி இருக்கும். பாம்பன் பாலம் தாண்டி தினமும் நின்றுகொண்டே பஸ்ஸில் போகிற பிள்ளை அதைத் தோளில் தூக்க வேண்டும். அதன் பேட்டரியும் ஒரு நாள் வகுப்புக்குத் தாங்காது.

உங்கள் 42,000இல் லேப்டாப்புக்கு 38,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். மீதி 4,000 அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனியாக இருக்கட்டும். காரணம் பின்னால் சொல்கிறேன்.

இந்தத் தொகையில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் கேள்வி. விட்டுக்கொடுக்கக் கூடாதது, வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகமான ரேமும், கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியும். எஸ்எஸ்டி 512 ஜிபி இருக்க வேண்டும். 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி (மெதுவான, மலிவான சேமிப்பு வகை) என்று போட்டிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரண்டாம் வருடத்திலேயே இடம் நிரம்பி, விண்டோஸ் அப்டேட் போடக்கூட வழியில்லாமல் நிற்கும். ரேம் குறைந்தது 8 ஜிபி, முடிந்தால் 16. ஆண்ட்ராய்டு செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு 8 ஜிபி குறைந்தபட்சம், கணினிக்குள்ளேயே போனைப் போல ஓடும் எமுலேட்டரோடு ஓட்ட 16 வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. மூன்றாம் வருட ப்ராஜெக்டில் அது வர நிறைய வாய்ப்பு உண்டு.

8 ஜிபி வாங்கி, பிறகு இன்னொரு 8 போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் முன்பெல்லாம் சொல்லிவந்தேன். 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்கள் அதிகமாகப் போவதால் ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. அதனால் 38,000க்குள் 16 ஜிபியோடு ஒரு மாடல் சிக்கினால், வேறு ஒன்றில் கொஞ்சம் குறைந்தாலும் அதை எடுங்கள். சிக்காவிட்டால் 8 ஜிபி போதும். ஆனால் பிறகு கூட்ட முடிகிற 8 ஜிபியாக இருக்க வேண்டும். சில மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. கடையில் டெமோவுக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் இதை அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. கீழே ஸ்லாட்ஸ் யூஸ்ட் என்ற வரியில் 1 ஆஃப் 2 என்று இருந்தால் ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் சோடிம் என்று இருந்தால் அது கழற்றி மாட்டுகிற ரேம். ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் பற்றவைத்தது. உங்கள் மகளையே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அதே மாடல் எண்ணைத்தான் பில்லில் போட வேண்டும் என்றும் கடையில் சொல்லிவிடுங்கள்.

லேப்டாப்பின் மூளையான ப்ராசஸரில்தான் விற்பனையாளர்கள் அதிகம் குழப்புவார்கள். ஐ5 என்றால் உசத்தி, ஐ3 என்றால் மட்டம் என்று பேசுவார்கள். எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். 12ஆம் தலைமுறை ஐ3 1215யு, 13ஆம் தலைமுறை ஐ3 1315யு, புதுப் பெயரில் வரும் கோர் 3 100யு இவை மூன்றிலும் ஆறு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஆறு பகுதிகள் உண்டு. 11ஆம் தலைமுறை ஐ5 பழைய சரக்கு ஒன்று அதே விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காக ஐ5 என்ற பெயருக்கு மயங்க வேண்டாம். அதில் நாலு கோர்தான், ஒரு ஐ3 இன்று அதற்கு ஏறக்குறைய ஈடு கொடுத்துவிடும். ஏஎம்டி ரைசனில் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 7520இல் அது 2, அதாவது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நாலு கோர், ரேமும் பற்றவைத்தது. 7530இல் அது 3, அதாவது ஜென் 3, ஆறு கோர். இரண்டில் பின்னது தெளிவாக மேல். செலரான் பக்கம் போகவே வேண்டாம்.

திரை ஃபுல் எச்டி, அதாவது 1920க்கு 1080 இருக்கட்டும். சாய்த்துப் பார்த்தால் நிறம் மங்காத ஐபிஎஸ் திரையாக இருந்தால் கண்ணுக்கு நல்லது. விட்டுக்கொடுக்கக் கூடியவை இவை: உலோக மூடி, பேக்லிட் கீபோர்டு, டச் ஸ்கிரீன், கைரேகை. எம்எஸ் ஆபிஸ் கூட வரவில்லை என்றால் லிப்ரே ஆபிஸ் இலவசமாக இருக்கிறது.

38,000க்குள் நல்லது எதுவும் அமையாவிட்டால், கம்பெனிகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த லேப்டாப்களைப் புதுப்பித்து விற்கிறார்கள், அதைப் பார்க்கலாம். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வரிசைகள் நீண்ட நாள் உழைப்பவை. இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11ஐ 7ஆம் தலைமுறை ஐ5இல் முறையாகப் போட முடியாது. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டிசைன் கெபாசிட்டியோடு (புதிதில் இருந்த கொள்ளளவு) ஒப்பிட்டால் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போதைய கொள்ளளவு) பாதியாக இருந்தால், புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஆறு மாதமாவது எழுத்தில் வாரண்டி தராத கடையில் வாங்காதீர்கள்.

வாரண்டியை நான் விலைக்குச் சமமாக எண்ணுகிறேன், அதுவும் உங்கள் ஊருக்கு. வீட்டுக்கே வந்து சரிசெய்யும் ஆன்-சைட் வாரண்டி என்று பெட்டியில் போட்டிருந்தாலும், 623இல் தொடங்கும் உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவாரா என்று நிறுவனத்தின் டோல்ஃப்ரீ எண்ணில் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். வரமாட்டார் என்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மதுரை வரை அலைய வேண்டியிருக்கும். அதைவிட, இராமநாதபுரத்திலேயே சர்வீஸ் இருக்கிற பிராண்டை ஓரிரண்டாயிரம் கூடக் கொடுத்து வாங்கலாம். உப்புக்காற்றில் யுஎஸ்பி துளையின் தகடு பச்சை பூக்கும், மடக்கும் கீலின் திருகு துருப்பிடிக்கும். ஈரத்தாலும் துருவாலும் வருகிற பழுதைப் பொதுவாக வாரண்டியில் ஏற்க மாட்டார்கள். கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காமல், பயன்படுத்தாத நேரத்தில் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். அந்த 4,000 ரூபாய் இதற்காகத்தான். மூன்றாம் வருடம் பேட்டரியோ ரேமோ போட வேண்டி வரும்போது வட்டிக்குக் கை நீட்டாமல் இருக்க ஒரு தொடக்கம் அது.

அதோடு சேர்க்கவும் வழி இருக்கிறது. மகள் 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வர வேண்டும். 7.5 சதவீதத்தில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுவதால், அந்தப் பணத்துக்குக் கட்டணச் செலவு கிடையாது. விண்ணப்பித்தாயிற்றா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அதில் மாதம் 300 ரூபாயை வங்கியில் இரண்டு வருட ஆர்டியில் (மாதாமாதம் போடும் சேமிப்பு) போட்டுவந்தாலே இரண்டு வருடத்தில் 7,200 சேரும்.

கல்லூரியில் கேட்க இன்னொரு விஷயமும் உண்டு. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெயர் பட்டியலில் இருக்கிறதா, எப்போது என்று விசாரியுங்கள். இந்த செமஸ்டரிலேயே வரும் என்று எழுத்தில் சொன்னால் மட்டும் காத்திருங்கள். இல்லையென்றால் வகுப்பு தொடங்கி இரண்டு மூன்று வாரம் போகட்டும், ஆசிரியர்கள் எந்த மென்பொருள் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதுவரை கல்லூரி லேப் போதும்.

வாங்குகிற நாளில் ஜிஎஸ்டி பில் மகள் பெயரில், லேப்டாப்பின் சீரியல் நம்பரோடு வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன், பெட்டியில் இருக்கும் அந்த நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாரண்டி எப்போதோ தொடங்கிவிட்டதாகக் காட்டினால் அது நாள்பட்ட சரக்கு. வேறு பெட்டி கேளுங்கள்.